என் பிக்கப்புக்கு இழுவை வந்த கதை

இனி எந்த மேம்பாலத்திலும் என் வண்டி மூச்சு வாங்காது என்று ஓர் ஆடி வெள்ளியில் சபதம் செய்தேன். காரணம் ஒரு வெள்ளாடு.

நாரணாபுரம் கம்பெனியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். என் பிக்கப் பழைய டீசல் வண்டி. ஓடத் தொடங்கிவிட்டால் குதிரை. ஆனால் எடுத்த எடுப்பில் இழுவை கிடையாது. ஃபர்ஸ்ட் கியரில் அது முக்க, உள்ளே நான் முக்க, பக்கத்தில் ஒரு வெள்ளாடு நடந்து வந்தது. கொஞ்ச தூரம் துணைக்கு வந்தது. பிறகு சலித்துப்போய் முந்திச் சென்றது. போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டில் அறிவித்தேன். என் மனைவி பொன்மணி அதே கம்பெனியில் திரி செருகுகிறவள். விரல் நுனியில் எப்போதும் கொஞ்சம் கருப்பு இருக்கும்.

"வண்டிக்கு ஹெட்டர் மாட்டப்போறேன்."

"அது என்னது?"

"இஞ்சின்ல இருந்து புகை வெளிய வாற குழாய். இப்ப இருக்கிறது குட்டையா முட்டிக்கிட்டுக் கெடக்கு. புதுசுல நாலு நீளக் குழாய் வளைஞ்சு வந்து ஒண்ணாச் சேரும். புகை தடையில்லாமப் போச்சுன்னா அடியில இருந்தே இழுவை அம்புட்டு இருக்கும்."

"யாரு சொன்னா?"

"வீடியோவுல ஒருத்தன்."

"அவன் வண்டியில வெடி ஏத்துறானா?"

அவன் கடற்கரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு நாய் மட்டும் இருந்தது.

"ஏங்க, புகைக்குழாய மாத்துன வண்டிய கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டாக. ஒரு பொறி பறந்தாப் போதும். உள்ள நான் இருக்கேன்."

"சைலன்சர் வாயில பொறி தடுக்கிற வலை இருக்கான்னுதான் பாப்பாக. வாலத்தான் பாக்காக, தலைய யாரு பாக்கா?"

"நெசந்தான். எங்கப்பாவும் உங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கல."

கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்றாள். அவள் 'உங்க இஷ்டம்' என்று சொன்ன எதுவும் என் இஷ்டப்படி நடந்ததில்லை. அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பார்சலில் ஹெட்டர் வந்தது. பளபளவென்று, நான்கு விரல்கள் ஒரு மணிக்கட்டில் சேர்ந்ததுபோல் இருந்தது. விருதுநகரில் மெக்கானிக் மாரிக்கண்ணனிடம் அதையும் வண்டியையும் ஒப்படைத்தேன். பொன்மணிக்குப் பிறந்த ஊர் வெம்பக்கோட்டை. மாரிக்கண்ணனுக்கும் அதுதான். அதுவும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் போனேன். பானெட்டைத் தூக்கினால் குழாய் முழுக்க வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"என்னலே இது, கை ஒடிஞ்சவன் மாதிரி?"

"சூடு தாங்குற துணி, அண்ணாச்சி. அவுத்துராதீக. அவுத்தா இழுவை போயிரும்."

நான் ஏன் அவிழ்க்கிறேன்? மேம்பாலத்தில் வண்டி பறந்தது. வெள்ளாட்டைத் தேடினேன். எனக்குப் பயந்து வழியை மாற்றிக்கொண்டதுபோலும்.

அதன்பிறகு நான் ஊருக்கு ஹெட்டர் பாடம் எடுத்தேன். டீக்கடையில் சொன்னேன். முடிதிருத்துகிறவர் என் கழுத்தில் கத்தி வைத்திருந்தபோதும் சொன்னேன். வீட்டில் பொன்மணி மட்டும், "இழுவை எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள்.

"இம்புட்டுச் சந்தோசத்துல இருக்கீக. கொல்லையில பீர்க்கங்கொடிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துனா என்ன?"

ஊற்றினேன். சுவரோரம் கயிறு சுற்றிய ஒரு கொம்பு நட்டிருந்தாள். கொடியும் என்னைப்போலவே உற்சாகமாக இருந்தது.

புரட்டாசி வந்தது. தீபாவளி லோடு உச்சத்தில் இருந்தது. அந்த லோடுதான் எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் முழுக்க உலை வைக்கும். அன்று காலை கேட்டில் சூப்பர்வைசர் சூர்யபிரகாஷ் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணாச்சி, ஹெட்டர் மாட்டிருக்கீக. வண்டி உள்ள வரக்கூடாது. இந்த சீசன் முழுக்க."

"எந்தப் பய சொன்னான்?"

"நீங்கதான். டீக்கடையில எனக்கே ரெண்டு தடவ சொன்னீக."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொன்னதையே நம்பித்தான் நிறுத்தணும். இது வெடி செய்யுற எடம்."

பின்னால் இன்னொரு பிக்கப் ஹாரன் அடித்தது. என் லோடை ஏற்றிக்கொண்டு போக வந்த வண்டி. கேட்டுக்கு அப்பால் சின்னச் சின்னக் கட்டடங்கள் தள்ளித் தள்ளி நின்றன. அவற்றில் ஒன்றில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். 'உள்ள நான் இருக்கேன்' என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வண்டியை ஓரம்கட்டி, வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.

மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். பொன்மணி என்னையும் வண்டியையும் ஒரே பார்வையில் பார்த்தாள்.

"பானெட்டத் தெறங்க."

"வேணாம் பொன்மணி. நான் கெட்டது போதும்."

"தெறங்கன்னா."

திறந்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். குழாய் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். சுற்றுச் சுற்றாக அது என் காலடியில் விழுந்தது. பளபளப்பு எதுவும் வரவில்லை. கருத்து, துருப்பிடித்து, என் பழைய குழாய் வந்தது. அதன்மேல் கம்பியால் கட்டிய ஒரு எவர்சில்வர் தகடு. அதில் மூன்று குழிகள். குழிக்குள் பொடிப்பொடி ஓட்டைகள்.

"இது கம்பெனி பார்ட் மாதிரித் தெரியலையே?" என்றார் சூப்பர்வைசர்.

"என் இட்லித்தட்டு சார். சூடு மறைக்க அவுகளே வெட்டிக் கட்டுனது. காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு எங்கிட்டச் சொன்னாக."

பெண்கள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகளே எழுந்து பறந்தன. சூப்பர்வைசர் குனிந்து முன்னும் பின்னும் பார்த்தார். "பழைய குழாய்தான். வலையும் இருக்கு. தட்டக் கழட்டிட்டு உள்ள வாங்க அண்ணாச்சி."

ஏமாந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமாட்டான். கருத்த விரல்களால் அவள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர் பார்க்கிறதே என்று பானெட்டைச் சாத்தினேன்.

"அப்ப இழுவை எப்படி வந்துச்சு?" என்று மெல்லக் கேட்டேன்.

"காத்து வடிகட்டியத் தெறந்தா உள்ள ஒரு காடே இருந்துச்சாம். மாரிக்கண்ணன் சுத்தம் பண்ணுனான். பெறகு, காலி வண்டி துள்ளுதுன்னு பின்னாடி மணல் மூட்டைகளப் போட்டீகள்ல? அத லோடு ஏத்தும்போதும் எறக்கல. அவனையே எறக்கச் சொன்னேன். மூட்டை எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் நீங்க கேக்கல."

"அந்த ஹெட்டரு?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்கு அழைத்துப் போனாள். கொம்பில் சுற்றியிருந்த கயிற்றைக் கொஞ்சம் விலக்கினாள். உள்ளே பளபளவென்று நான்கு குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு பீர்க்கங்கொடி கூரைவரை ஏறி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது.

"வீடியோக்காரன் சொன்னது நெசந்தாங்க," என்றாள் பொன்மணி, என் கையில் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்தபடி. "அடியில இருந்தே என்னா இழுவை!"