பட்டாளத்துக்காரி புருஷனுக்குக் காலேஜ் ஃபீஸ்

வைகைப் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் என் கையில் வளையல் கிடப்பதைக் கவனித்தேன். பச்சைக் கண்ணாடி வளையல். தோளில் ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட ஃபிளெக்ஸ் சுருட்டு. சுருட்டுக்குள் நான் ராணுவ உடையில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். வெளியே வேர்த்து வழிய நடந்துகொண்டிருந்தேன். எதிரே டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர் வளையலைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார், "பாத்துண்ணே" என்றார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

நான் எழுமலைக்காரன். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, திருப்பூரில் பனியன் மடித்து, கோட்டயத்தில் பரோட்டா அடித்து, போர்வெல் லாரியோடு போய் வடக்கே பல மாநிலங்களில் ஓட்டை போட்டுவிட்டு வந்தவன். சோறு கிடைத்த ஊரில் இருந்தேன், கிடைக்காத ஊரிலிருந்து கிளம்பினேன். என் மனைவி பாண்டியம்மாள் அப்படியில்லை. ராணுவத்தில் மிலிட்டரி போலீஸ். எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. பட்டாளத்துக்காரி அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, நான் படிக்க வேண்டும் என்பது. (நகை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.)

தனியாகப் பரீட்சை எழுதி, இரண்டாவது முயற்சியில் ப்ளஸ் டூவைத் தாண்டினேன். மதுரையில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு பி.காம். இடம் கிடைத்தது. அன்றைக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் எழுமலை பஸ் என் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போனது. ஏறத் தோன்றாமல் சிரித்துக்கொண்டே நின்றேன்.

திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பாண்டியம்மாளின் சம்பளம் என் மாமனாரின் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் சம்பளம் எதற்கும் போகவில்லை, வந்தால்தானே போவதற்கு.

அப்போதுதான் கோரிப்பாளையத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் சங்கம் ஒன்று, ராணுவ வீரர்களின் மனைவியருக்குக் கல்லூரிக் கட்டணம் தருவதாகக் கேள்விப்பட்டேன். போன் செய்தேன். எடுத்தவர் சங்கச் செயலாளர், ரிட்டயர்டு சுபேதார்.

"மனைவிக்குன்னுதானப்பா வச்சிருக்கோம். புருஷனுக்குன்னு எவனும் கேட்டதில்லையே."

"கேக்குற மாதிரி எவனும் இல்லாம இருந்திருக்கலாம்ல, ஐயா."

மறுநாள் அவரே கூப்பிட்டார். "கமிட்டியில பேசிட்டேன். ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வா. மொத ஆம்பள நீதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் நண்பன் முருகேசனிடம் சொன்னதுதான் தவறு. எங்கள் பக்கம் காதுகுத்தோ கருமாதியோ, ஃபிளெக்ஸ் வைக்காவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில்லை.

"பேனர் இல்லாம போனா நல்லாவா இருக்கும், மாப்ள?"

"வேணாம்டா."

"ஒனக்கு வேணாம். ஊருக்கு வேணும்ல."

வேண்டாம் என்று சொன்ன அதே வாயால், கறுப்புச் சட்டை போட்ட போட்டோவைக் கொடு என்றும் சொன்னேன். (அதில் கொஞ்சம் படித்தவன் மாதிரி இருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் பணம் வாங்க வந்த பெண்களுக்கெல்லாம் ஓர் அம்மா வளையல் போட்டு, பூ கொடுத்து உள்ளே அனுப்பினார். என் முறை வந்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது.

"நீங்க யாரு கூட வந்தீங்க, தம்பி?"

"நான்தாங்க்கா வந்தேன். எங்க வீட்டம்மாதான் மிலிட்டரி."

வளையல் போடாதவனை வரிசையில் விடமாட்டார்களோ என்று எனக்குப் பயம். கையை நீட்டினேன். அந்த அம்மா சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றிவிட்டார். மல்லிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பேரையூர்ப் பெண் ஒருவர், பி.எட். படிப்பவர். "நீங்களுமாண்ணே?" என்றார். "நானும்தாம்மா" என்றேன். அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நான் வேறெங்கும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

பெயர் கூப்பிடப் போகும் நேரத்தில் வெளியே சரவெடி. எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். முருகேசன் சவுக்குக் கட்டை நட்டு ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டு, கையைத் தட்டித் தூசி உதறிக்கொண்டிருந்தான்.

ஃபிளெக்ஸில் ராணுவ உடை, துப்பாக்கி, முறுக்கிய மீசையோடு நான். பக்கத்தில் பட்டுச் சேலை கட்டி, தலையில் பட்டமளிப்புத் தொப்பியோடு பாண்டியம்மாள். எங்களுக்குப் பின்னால் ஒரு சிங்கம், அதற்கும் பின்னால் ஒரு டாங்கி.

சுபேதார் என்னிடம் வந்தார். முகத்தை ஃபிளெக்ஸோடு ஒப்பிட்டார்.

"நீ பட்டாளத்தானா, பட்டாளத்தான் பொண்டாட்டியா?"

"ரெண்டும் இல்லங்கய்யா. பட்டாளத்துக்காரி புருஷன்."

"அப்ப அது யாரு?"

"ஒடம்பு யாருதுன்னு தெரியலங்கய்யா. தலை மட்டும் என்னுது."

ராணுவத்தில் இல்லாதவன் அந்த உடுப்பில் நிற்பது அவருக்கு வேடிக்கை இல்லை. நியாயம்தான். என் மனைவியைக் கூப்பிடச் சொன்னார். வீடியோவில் பாண்டியம்மாள் சிவப்புத் தொப்பியோடு வந்தாள். "ஜெய் ஹிந்த், சார்" என்றாள். அவர் போனை ஃபிளெக்ஸின் பக்கம் திருப்பினார். பாண்டியம்மாள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சார், அவரு ஏமாத்துற ஆளு இல்ல. அதுக்குக் கொஞ்சம் தெறம வேணும்."

"நீ சொன்னா நம்புறேம்மா. ஆனா உடுப்புல கை வச்சாச்சு. தெருவே போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு. இப்பப் பணம் குடுத்தா, கேக்குறவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்ல."

"குடுக்க வேணாம் சார். அத அவரையே ஏறிக் கழட்டச் சொல்லுங்க."

கழற்றினேன். வளையல் குலுங்க, அத்தனை பெண்களும் கீழே நின்று பார்க்க, போர்வெல் லாரியில் குழாய் இறக்கும் கம்பத்தில் ஏறிய பழக்கத்தில் சரசரவென்று ஏறி, முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினேன். "பாத்து எறங்குங்கண்ணே" என்றார் பேரையூர்ப் பெண். முருகேசனைக் காணவில்லை.

சிம்மக்கல்லில் ஃபிளெக்ஸ் அடித்த கடையில் சுருட்டைப் பொத்தென்று போட்டேன். கடைக்காரர் காதர் பாய் விரித்துப் பார்த்தார்.

"ஏன் பாய், எங்க ரெண்டு பேரு துணியையும் மாத்துனீங்க?"

"ஒன் கூட்டாளி மிலிட்டரிக் குடும்பம், ஒருத்தரு காலேஜுல சேருறாருன்னு சொல்லி ரெண்டு படம் அனுப்புனான். பொம்பள உடுப்புல இருக்கு, ஆம்பள சும்மா நிக்கிது. எங்க டிசைனர் பய படம் தப்பா வந்திருச்சுன்னு நெனச்சு, சரி பண்ணிட்டான்."

"என் காலேஜே போச்சு, பாய்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஃபிளெக்ஸின் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தார். "கயிறு கட்டுற கண்ணி ஒன்னுகூடக் கிழியல. யாரு எறக்குனது?"

"நான்தான்."

"எங்க ஆளுக இழுத்துக் கிழிச்சுத்தான் கொண்டுவருவானுக." கொஞ்சம் யோசித்தார். "காலேஜு எப்ப?"

"சாயங்காலம்."

"அப்பப் பகல்ல நீ ஃபிளெக்ஸக் கட்டு. மொதத் தவண ஃபீஸ நான் கட்டுறேன். சம்பளத்துல கழிச்சுக்கலாம். அந்த வளையலக் கழட்டிட்டு வா."

வளையல் மட்டும் கழலவில்லை. தன்னால் உடையும் வரை கிடந்தது.

அந்த ஃபிளெக்ஸ் இப்போது எழுமலையில் எங்கள் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. பாண்டியம்மாள் லீவில் வரும்போதெல்லாம் வீட்டுக்குள் நுழையும் முன் அதன் எதிரே விறைப்பாக நின்று சல்யூட் வைப்பாள். "ஜெய் ஹிந்த், சார். ஆடெல்லாம் சரியா இருக்கா?" டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருக்கும் என் மாமனார் உள்ளேயிருந்து, "ஒன்னு கொறையுது, சார்" என்பார். கட்டிலில் கிடந்தபடியே அவர் சிரிப்பது வாசல் வரை கேட்கும்.

ஃபிளெக்ஸை இறக்கிய மறுநாள் காலையே வேலையில் சேர்ந்தேன். பாய் முதலில் கொடுத்தது ஒரு கல்யாண ஃபிளெக்ஸ். மண்டபத்தில் ஏணியைச் சாத்திவிட்டு விரித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை போலீஸ் உடுப்பில் இருந்தார். ஏறாமல் பெண் வீட்டாரைத் தேடிப் போனேன்.

"அண்ணே, போலீசு யாரு? மாப்பிள்ளையா, பொண்ணா?"

"மாப்பிள்ளைதான். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாண்ணே" என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன்.