கணினி அணைந்தது தொடர்பான இறுதி அறிக்கை

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி பத்தொன்பது நிமிடத்துக்குக் கணினி நான்காவது முறையாகத் தானே அணைந்தபோது, நிர்வாகம் என்னும் மகத்தான கலை ஓர் இல்லத்துக்குள் காலடி எடுத்து வைத்தது. உலகில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கணினிகள் அணைகின்றன. அங்கெல்லாம் யாரோ தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்துகிறார்கள். அதோடு சரி. ஒரு கோப்பு கிடையாது. ஒரு படிவம் கிடையாது. அந்த வீடுகளை நினைத்துக் கண்காணிப்பாளர் மனம் வருந்தினார்.

அவர் குறைதீர் பிரிவின் கண்காணிப்பாளர். பதினொரு ஆண்டுகளாக அந்தப் பிரிவில் தீராத குறை என்று ஒன்றில்லை. முறை எளிது. மனு கொடுத்தவர் ஒரு தடவை வருவார். இரண்டு தடவை வருவார். ஏழு தடவைகூட வருவார். பிறகு வர மாட்டார். வராத நாளிலிருந்து நான்கு வேலை நாட்கள் எண்ணி, ‘குறை தீர்ந்தது’ என்று முத்திரை குத்துவார்கள். தேய்ந்துபோய் அந்த முத்திரையை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள்.

அங்கே எந்த இயந்திரமும் பழுதானதில்லை. ஒவ்வொன்றுக்கும் தடித்த துணியில் உறை உண்டு. மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் உறைகளைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைப்பார்கள். அவர் படியிறங்கியதும் மறுபடி மாட்டுவார்கள். வந்த அன்றைய பளபளப்பு இன்றும் போகவில்லை. யாரும் தொடாததால் போகவில்லை என்று சிலர் சொன்னார்கள். வயிற்றெரிச்சல்.

அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் செவிலி. நாற்பத்து மூன்று வயது. பகலெல்லாம் பிறரை வாய் திறக்க வைப்பார். மாலை ஐந்து மணிக்கு ஹெட்போனை மாட்டினால் இணைய விளையாட்டு ஒன்றில் ஐவர் அணிக்குத் தலைவி. மற்ற நால்வரும் இப்போதுதான் இருபதைத் தாண்டியவர்கள். நான்கு ஊர்களில் இருப்பவர்கள். ‘கேப்டன் அக்கா’ என்பார்கள். இரண்டு வருடம் ஒரு பழைய மடிக்கணினியில் திக்கித் திணறி விளையாடியே அந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போட்டி. விதி கறாரானது. தலைவர் ஆட்டத்தின் நடுவில் காணாமல் போனால் அணி தோற்றது. அதற்காகத்தான் புதுக் கணினி. ஒவ்வொரு பாகமாகத் தானே பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தது.

கண்காணிப்பாளர் தன் பங்குக்குக் கணினிப் பெட்டிக்கு ஓர் உறை கொண்டுவந்தார்; திரை மட்டும் வெளியே. அலுவலகத்துத் தையற்காரர் தைத்தது. உள்ளே அட்டை, மூலைக்கு மூலை இரட்டைத் தையல். வெறுமனே நிறுத்தினாலும் நிற்கும். பின்பக்கம் ஒயர்களுக்கு ஒரு துளை. காற்றுக்கு எதுவும் இல்லை. காற்றோடுதானே தூசி வருகிறது?

அந்த உறைக்குள் கணினி தினமும் சுமார் இருபது நிமிடம் ஓடியது. பிறகு அணைந்தது. மூன்று நாள் மனைவி பொறுத்தார். ஆசையாகத் தைத்துக் கொண்டுவந்தவர் முகம் வாடிவிடும் என்று. நான்காம் நாள் சொல்லிவிட்டார்.

“என்னங்க, அந்த உறையைக் கழட்டுங்க. அதுக்கு மூச்சு முட்டுது.”

“விசாரணையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள தீர்ப்பா?”

“எதுக்கு விசாரணை? பின்னாடி கை வெச்சுப் பாருங்க. இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது.”

“நீ மனுதாரர்ம்மா. மனுதாரர் குறையைத்தான் சொல்லணும். காரணத்தைச் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.”

“நாங்கன்னா யாரு?”

“நான்.”

அன்றே கோப்பு திறக்கப்பட்டது. ஏழு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை அவர் தம் கைப்படக் கோடு போட்டுத் தயாரித்தார். அணைந்த நேரம், அணையுமுன் எழுந்த ஒலி, அணைந்தபின் மனுதாரரின் மனநிலை. மனநிலைக் கட்டத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதினார். இந்த நேர்மையை எத்தனை அலுவலகங்களில் காண முடியும்?

புதன்கிழமை அவர் வீடு திரும்பியபோது உறை தரையில் கிடந்தது. கணினி ஐம்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

“சான்றுப் பொருள்ல கை வெச்சிருக்க.”

“ஓடுதுங்க!”

“அனுமதியில்லாம ஓடுது. இந்த அம்பது நிமிஷத்தைக் கணக்குல எடுத்துக்க முடியாது.”

அந்த ஐம்பது நிமிடம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. உறை மாட்டப்பட்டு, நாடா கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைக்கப்பட்டது. அரக்கு ஆறும்வரை மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கழட்டி எறிய எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. மெக்கானிக் தம்பியை வரச் சொல்லியிருக்கேன். அவன் சொன்னா நம்புவீங்களா?”

“நிபுணர் சாட்சியத்தைக் குழு வரவேற்குது” என்றார் குழு.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தார். மனைவியின் மருத்துவமனைக்கு எதிரே கணினிக் கடை வைத்திருப்பவர். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் கண்காணிப்பாளர் அரக்கை உடைத்தார். உறையை மடித்து அலமாரியில் வைத்தார். பார்வையிட ஒருவர் வரும்போது செய்ய வேண்டியது அதுதான்.

கணினி இரண்டு மணி நேரம் ஓடியது. இருமக்கூட இல்லை. மெக்கானிக் போனார். உறை வந்தது. பத்தொன்பதாவது நிமிடம் அணைந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். நினைவகத்தைக் கழற்றி வேறு மாட்டினார். மின்விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“என்னக்கா இது, நான் இருந்தா ஓடுது, நான் போனா படுத்துக்குது?”

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். “நீங்க இருக்கும்போது ஓடுதுங்கிறது பதிவாகுது. உங்க புகைப்படம் ஒண்ணு கிடைக்குமா?”

“எதுக்கு சார்?”

“கணினிக்கு எதிர்ல மாட்டி வெச்சுப் பாக்கலாம். ஒரு பரிசோதனைதான்.”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி எழுந்து அலமாரியைத் திறந்தார். உறையை எடுத்து மெக்கானிக்கின் மடியில் போட்டார்.

“தம்பி, நீ போனதும் இதைத்தான் மாட்டுறார்.”

மெக்கானிக் அதை விரித்தார். அட்டையைத் தட்டினார். உள்ளே தலையை விட்டுப் பார்த்து வெளியே எடுத்தார்.

“சார், உள்ள சூடு ஏறுனா, எரிஞ்சு போகாம இருக்க அதுவா அணைஞ்சுக்கும். அது பழுது இல்ல. தன்னைக் காப்பாத்திக்குது. இதைப் போடாதீங்க, அவ்வளவுதான்.”

“உங்களைக் கூப்பிட்டது கணினிக்கு. உறை உங்க வரம்புக்குள்ள வராது.”

“சார், நாளைக்கு அக்காவுக்கு ஃபைனல்.”

கண்காணிப்பாளர் கல்நெஞ்சர் அல்லர். நெடுநேரம் யோசித்து ஓர் ‘இடைக்கால ஆணை’ பிறப்பித்தார். சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் உறையின்றி இயங்கக் கணினிக்கு அனுமதி. மறு உத்தரவு வரும்வரை. மனைவி அந்தத் தாளை இரண்டாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தார். மேசை ஆடாமல் நின்றது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கண்காணிப்பாளர் பார்வையாளராகப் பின்னால் உட்கார்ந்தார். ஐந்து பத்தொன்பது வந்தது. போனது. மனைவியின் தோள்கள் இறங்கின.

“இடது பக்கம் யாரும் போகாதீங்க. நான் சொல்றவரைக்கும் அசையக் கூடாது. யாருடா அது முந்திரிக்கொட்டை? பின்னாடி வா.”

இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. தன் அலுவலகத்தில் இப்படி ஒருவர் பேசினால் ஒரு வாரத்தில் எல்லாக் கோப்புகளும் முடிந்துவிடும் என்று தோன்றியது. அந்த ஆபத்தான எண்ணத்தை உடனே விலக்கினார்.

ஐந்து இருபதுக்குத் தெருவில் ஜல்லி லாரி ஒன்று போனது. ஜன்னல் வழியாகப் புழுதி எழும்பி வெயிலில் மிதந்தது. கணினி திறந்த மேனியாக, விளக்குகள் மின்ன, அந்தப் புழுதியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளருக்கு ஜன்னலை மூடலாம் என்று தோன்றவில்லை. அவர் எழுந்து, பூனைபோல் நடந்து, உறையை எடுத்துவந்து, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினார். மனைவி திரும்பவில்லை. காதில் ஹெட்போன், கண் திரையில்.

“அவ்வளவுதான், இன்னும் ஒரே ஆள். எல்லாரும் சேர்ந்து போறோம். நான் மூணு எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு...”

திரை கறுத்தது.

ஐந்து நாற்பது. முந்தைய சராசரியைவிட இருபத்தொரு நிமிடம் அதிகம். ‘முன்னேற்றம்’ என்று கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

மனைவி ஹெட்போனைக் கழற்றினார். திரும்பினார். உறையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“தூசி” என்றார் அவர்.

மனைவியின் போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் சொல்வது அறை முழுக்கக் கேட்டது: “பரவால்லக்கா. அழாதீங்கக்கா. அடுத்த தடவை பாத்துக்கலாம்.” மனைவி அழவில்லை என்றுதான் கண்காணிப்பாளர் அதுவரை நினைத்திருந்தார்.

அதன்பின் நடந்தது விசாரணை வரலாற்றில் ஒரு பொற்காலம். திங்கள்: அணையவில்லை. செவ்வாய்: அணையவில்லை. புதன், வியாழன்: அணையவில்லை. காலையில் அலுவலகம் புறப்படுமுன் உறையின் மேல் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பார். அது கம்பீரமாக நிற்கும். மனைவி தினமும் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு வந்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், இறுதி அறிக்கை தயாராக இருந்தது. கண்காணிப்பாளர் எழுந்து நின்று வாசித்தார்.

“நான்கு வேலை நாட்களாகக் கணினி ஒருமுறைகூட அணையவில்லை. மனுதாரர் மீண்டும் புகார் அளிக்கவில்லை. ஆகவே குறை தீர்ந்தது. இங்க கையெழுத்துப் போடும்மா.”

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “உறையைத் தூக்கிப் பாருங்க.”

தூக்கினார். ஒரு விரலோடு வந்தது. உள்ளே மேசை மட்டும் இருந்தது. அதில் துளித் தூசி இல்லை.

“எங்க?”

“தம்பி கடையில. ஞாயித்துக்கிழமை நீங்க மத்தியானம் தூங்குறப்பவே எடுத்துட்டுப் போயிட்டோம். தினமும் மூணு மணி நேரம் ஓடுது. எங்களைப் புதுப் போட்டியில சேர்த்திருக்காங்க.”

கண்காணிப்பாளர் உறையை மேசைமேல் நேராக நிறுத்தினார். பிறகு பேனாவை நீட்டினார்.

“சரி, இடமாற்றத்துக்குத் தனிப் படிவம் போட்டுக்கலாம். முதல்ல இதுல போடு. எப்படியோ, உன் குறை தீர்ந்துச்சுல்ல?”

மனைவி கதவைத் திறந்தார். தோளில் பையை ஏற்றிக்கொண்டார்.

“உங்க ஆபீஸுக்குத் திரும்பி வராமலே போனாங்களே இத்தனை பேர், அவங்கள்லாம் எங்க போனாங்கன்னு ஒரு நாளாவது யாரையாவது கேட்டிருக்கீங்களா?”