நேதனிடம் யாரும் பேசாத ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஃபாதர் கில்பர்ட் அவர்களுக்கு, லெராய் பணிவுடன் எழுதுவது. உங்கள் தங்கை டயான் நலம். எங்கள் மகள், உங்கள் மருமகள் கெய்ட்லின் நலம். ஞாயிறு மாலை அவள் பெற்ற பெண் குழந்தையும் நலம், ஏழு பவுண்டு. நான் மட்டும் நலமில்லை. நான்கு நாளாகக் கார் ஷெட்டில் படுக்கை. பேத்தியை இன்னும் என் கையில் கொடுக்கவில்லை. டயான் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். அதனால் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள் என் மேல் என்ன தப்பு என்று.

அன்று மதியம் கெய்ட்லினுக்கு வலி எடுத்தது. டயான் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போதே, "நேரா பேஸ்பால் மைதானத்துக்குப் போங்க, மாப்பிள்ளைய கூட்டிட்டு வாங்க. ஆட்டம் பாக்க உக்காந்துராதீங்க" என்றாள். மாப்பிள்ளை நேதனின் போன், ஆட்டம் முடியும்வரை வழக்கம்போல டீம் மேனேஜர் டுவேனின் வாளிக்குள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாவது இன்னிங்ஸ். பந்து எறிகிற பிட்சர் நேதன்தான். எதிரணியில் ஒருத்தன் கூட அவன் பந்தை ஒழுங்காக அடித்து ஒரு ஹிட் எடுக்கவில்லை, ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே போனால் பெரிய சாதனை. உங்களுக்குத் தெரியாததா, அப்படி எறிகிறவனிடம் ஆட்டம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது, பேசினால் ராசி போய்விடும். பெஞ்சில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான், மற்றவர்கள் மறுகோடியில் நெருக்கியடித்துக்கொண்டு.

டுவேன் அந்தப் பெஞ்சுக்குப் போகும் கதவை மறித்துக்கொண்டு, "லெராய், உள்ள கால வெச்ச, ஒடிச்சிருவேன்" என்றான்.

"அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுய்யா."

"தலைப்பிள்ளதான, மெதுவாத்தான் வரும். இன்னும் நாலு இன்னிங்ஸ்தான்."

சரி, மைக்கில் சொல்லச் சொல்லலாம் என்று ஆட்டத்தை அறிவிக்கிற மார்லிஸிடம் ஓடினேன். அவளோ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நம்ம ஊர்ல கடைசியா இப்படி ஒருத்தன் எறிஞ்சப்ப எனக்குக் கல்யாணமே ஆகல. என் வாயால கெடுக்கமாட்டேன்" என்கிறாள். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று ஒரு காகிதத் துடைப்பானில் விஷயத்தை எழுதி, சாஸேஜ் ரொட்டியில் சுற்றி, நேதன் எறிவதைப் பிடிக்கிற கேட்சரிடம் கொடுத்தனுப்பினேன். அந்தத் தடியன் படித்தான், என்னைப் பார்த்தான், ரொட்டியைத் தின்றான், அந்தக் காகிதத்திலேயே வாயையும் துடைத்துக்கொண்டான். இவங்கல்லாம் மனுசங்களா மச்சான்? கத்தியிருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள் உங்கள் தங்கை. எப்படிக் கத்துறது, என் ரெண்டு பக்கமும் டுவேனோட தம்பிங்க உக்காந்திருக்கானுங்க. கடைசிவரை நேதனுக்குப் பத்தடி பக்கத்தில்கூட என்னால் போக முடியவில்லை. இது சத்தியம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருத்தன் அவுட் ஆனால் சாதனை. தொப்பை போட்ட ஒரு குழாய் ரிப்பேர்காரனை இறக்கினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றினான். பந்து அலுங்காமல் போய்ப் புல்லில் விழுந்தது, ஹிட். டுவேன் உடனே கதவைத் திறந்து, "இப்ப போய்ச் சொல்லு" என்றான். நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தையைக் குளிப்பாட்டித் துணியும் சுற்றிவிட்டார்கள். நேதன் சுவரைப் பார்த்து நின்று அழுதான். "கதவுல நின்ன டுவேனையா கட்டிக்கிட்டேன், உங்களத்தான" என்றாள் டயான். அதோடு பேச்சு நின்றது.

ஆகவே தாங்கள் அவளிடம் எடுத்துச் சொல்லி, ஞானஸ்நானத்துக்கு முன்பாவது குழந்தையை ஒருமுறை என் மடியில் வைக்க ஏற்பாடு செய்யவும். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
லெராய்

பின்குறிப்பு: இதற்கு மேலே உள்ளதை மச்சானாகப் படியுங்கள், கீழே உள்ளதைப் பாதிரியாராக மட்டும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் கழிப்பறையில் நானும் நேதனும் மட்டும் இருந்தோம். அவனாகத்தான் கேட்டான், "மாமா, கெய்ட்லின் எப்படி இருக்கா?" என்று. "நல்லாத் தூங்குறாப்பா, நீ போய் எறி" என்றேன். என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்லக்கூடாது, டயானிடமும்தான்.