நாற்பத்தெட்டாம் பக்கத்து விமானி

உலகத்தில் புத்தகம் படிப்பவர்கள் இருக்கிறார்கள், படிக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பாலும் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. புத்தகத்தைச் சிபாரிசு செய்பவர்கள்.

உங்களுக்கு இவர்களைத் தெரியும். ஜலதோஷம் என்று தும்மினால் அதற்கொரு புத்தகம், வாடகை வீடு தேடுகிறேன் என்றால் அதற்கொரு புத்தகம், ஒன்றுமே சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் சும்மா இருப்பதைப் பற்றியே ஒரு புத்தகம் சொல்வார்கள். அடையாளம் சுலபம். வாய் திறப்பதற்கு முன்னால் ஆள்காட்டி விரல் உயரும். பேசி முடிந்ததும் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பார்கள்.

இந்த இனத்தில் நல்ல சதைப்பிடிப்பான ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். குடிநீர் வாரியத்தின் பதிவறைக் கண்காணிப்பாளர். ஐம்பத்து நான்கு வயது. பிடித்த துறை, விமான வரலாறு.

ஏன் விமானம்? அது அவருக்கே தெரியாது. ஆனால் அலுவலகத்தின் மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனால் எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். இவர் அண்ணாந்தவர்களைப் பார்ப்பார்.

"என்ன பாக்குறீங்க? இது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஒரு புத்தகம் இருக்கு. நீல அட்டை. குறிச்சுக்குங்க."

'குறிச்சுக்குங்க' என்பதுதான் அவருடைய மந்திரம். குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்க வந்தவர்கூட, அந்த மனுவின் பின்பக்கத்தில் நீல அட்டைப் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள். புத்தகம் போய்ச் சேர்ந்தது.

ஒன்று மட்டும் அவர் யாரிடமும் கேட்டதில்லை. "படிச்சீங்களா?" என்ற கேள்வி. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள் அல்லவா?

வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதில் பறத்தலைப் பற்றி எண்பத்திரண்டு புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட். எல்லா டிக்கெட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் செருகியிருக்கும். காரணம் எளிது. விமான வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் பறவையில் ஆரம்பிப்பார்கள். பிறகு பட்டம் விடுவார்கள். பிறகு கையில் இறக்கையைக் கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்களைப் பற்றி வருத்தத்தோடு எழுதுவார்கள். பிறகு பலூன். விமானம் வரும்போது ஐம்பது பக்கமாவது ஆகிவிடும். நம் ஆளின் மூச்சு நாற்பத்தெட்டாம் பக்கம் வரைதான்.

ஆகவே எண்பத்திரண்டு புத்தகம் வைத்திருந்தும் அவருடைய உலகத்தில் இன்றுவரை ஒரு விமானம்கூடத் தரையை விட்டு எழும்பவில்லை.

ஆனால் பலூன்! பலூனில் அவரை அசைக்க முடியாது. முதன்முதலில் மனிதன் ஏறப் பயந்து, ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் கூடையில் ஏற்றி அனுப்பினார்களே, அந்தக் கதையை அவர் பணி ஓய்வு விழாவில் சொல்லியிருக்கிறார், புதுமனை புகுவிழாவில் சொல்லியிருக்கிறார், ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பலூன் சார்'தான். மரியாதையாக வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

இப்படிப்பட்டவருக்குக் கிளை நூலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பறத்தல் பற்றிய நூல்களுக்குத் தனி அலமாரி திறக்கிறார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணி. 'விமான வரலாறு: நாம் படிக்க வேண்டிய புத்தகங்கள்'. சிறப்புரை, நம்முடையவர். பன்னிரண்டு வருடமாகத் தனியாளாகத் துரத்தித் துரத்திக் குறிக்க வைத்தவருக்கு, பேனாவோடு ஒரு கூட்டமே தானாக வந்து உட்காரப் போகிறது. கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில், எதிரில் உட்காருபவர் படிக்க வசதியாகத் தலைகீழாக வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். குழாய்ப் பாதைகளை வரைகிற வேலை. ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுகிற கண்.

"சார், நீங்க சொன்ன நீல அட்டைப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சிட்டேன்."

சிபாரிசு செய்பவர் காதில் விழக்கூடாத வாக்கியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது இதுதான்.

"முடிச்சே முடிச்சிட்டீங்களா?"

"ஆமா சார். ஆனா ஒரு சந்தேகம். நாப்பத்தொம்பதாம் பக்கத்துல திடீர்னு கோழி வருதே, அது ஏன்?"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. "அது பலூன்ல போன சேவல்மா. கூட ஒரு ஆடும்..."

"இல்ல சார், இது கோழிப் பண்ணை. பதினாறு பக்கம் வருது."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "பார்த்துச் சொல்றேன்மா" என்று நழுவியிருப்பீர்கள். அதனால்தான் நீங்கள் சாதாரண ஆள். அவருடைய ஆள்காட்டி விரல் உயர்ந்தது.

"அதுதான்மா அந்த ஆசிரியரோட தனித்தன்மை. பறவை இல்லாம விமானம் ஏது?"

"கோழி பறக்காதே சார்?"

"ஏன் பறக்கலைங்கிறதுதானே ஆராய்ச்சி!"

"ஓ. அப்போ கூண்டுல பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தா முட்டை அதிகமாகும்னு போட்டிருக்கே, அது?"

"ராத்திரியில விமானம் ஓட்டுறதுக்கு அஸ்திவாரமே அதுதான். வெளிச்சம்! குறிச்சுக்குங்க."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உண்மையிலேயே குறித்துக்கொண்டார். எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "சனிக்கிழமை நானும் வர்றேன் சார். கேள்வி நேரம் உண்டு இல்ல?"

"தாராளமா" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோழி மூன்று நாள் அவரை விடவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தால் தெரிந்துவிடுமே! வெள்ளிக்கிழமை மாலை, மேடைக்காகத் தானே தைத்த புதுச் சட்டைக்கு மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, காற்றைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு. விமானப் புத்தகத்துல கோழி வருதுன்னு சொல்லுது. என்னத்தைப் படிச்சுதோ!"

"நீல அட்டையா?" மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுல கோழி வரும்ங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பைண்டு பண்றவன் வேற புத்தகத்தோட பதினாறு பக்க ஃபாரத்தை மாத்தி வெச்சுத் தைச்சிருக்கான். ரெண்டு புத்தகமும் ஒரே அச்சகம் போல. பக்க நம்பர் சரியா இருக்கவும் கவனிக்கல. அந்தப் பதிப்பு பூராவும் அப்படித்தான் இருக்கும்."

"நீ எப்போ படிச்சே?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம்தான். நீங்க பாட்டுக்கு வாங்கி வாங்கி அடுக்குறீங்க. யாராவது படிக்கணும் இல்ல?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கோழிப் பகுதிகூட நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் அலமாரியைத் திறந்தார். நீல அட்டை. பஸ் டிக்கெட். நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி: 'அன்று காற்று பலமாக வீசியது. அண்ணனும் தம்பியும் இயந்திரத்தை மரத் தண்டவாளத்தின் மேல் ஏற்றினார்கள். தம்பி குப்புறப் படுத்துக்கொண்டு கயிற்றை விடுவித்ததும் அது மெல்ல'. பக்கத்தைத் திருப்பினார். 'கூண்டுக்குள் நுழைந்து தீவனத்தைக் கொத்தத் தொடங்கும்.'

"நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடட்டுமா?" என்றார் மெதுவாக.

"சட்டை தைச்சாச்சு. செவப்பு அட்டை ஒண்ணு இருக்கு பாருங்க, மூணாவது தட்டுல. எழுபத்தோராம் பக்கம். காலையில உக்காந்து படிங்க. பதினஞ்சு பக்கம்தான், ஒண்ணும் ஆகாது."

சனிக்கிழமை காலை அவர் ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாக ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டினார். காபி ஆறியது. இரண்டாவது காபியும் ஆறியது. பதினைந்து பக்கத்தில் நிற்கவில்லை.

நான்கு மணிக்கு அரங்கம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. வரவேற்புரை நூலகர். அவரும் அதே இனம்தான், கொஞ்சம் மூத்த கிளை. நீல அட்டைப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"நம்ம சார் சிபாரிசு செஞ்ச இந்த நூலை ரெண்டு தடவை வாசிச்சேன். குறிப்பா நடுப் பகுதி. கண்ணு கலங்கிடுச்சு."

சபையில் ஏழெட்டுத் தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. "ஒரே மூச்சுல முடிச்சேன்" என்று ஒரு குரல் வேறு. பலூன் சாருக்கு வியர்த்தது. நடுப் பகுதியில் இருந்தது கோழிகளின் வயிற்றுப்போக்கும் அதற்கான மருந்தும்.

பேச எழுந்தார். பழக்கதோஷம், ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஒருமுறை ஏற்றி இறக்கினார். கைதட்டல். கேள்வி நேரம் வந்தது. முதல் வரிசையில் வரைபடப் பிரிவுப் பெண், மடியில் நீல அட்டையோடு எழுந்தார்.

"சார், அந்த நாப்பத்தொம்பதாம் பக்கம்..."

விரல் வழக்கம்போல உயர்ந்தது. பாதியில் நின்றது. இறங்கிவிட்டது.

"அது பைண்டிங் தப்பும்மா" என்றார். மைக் அதை அரங்கத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோனது. "அந்தப் பதிப்பு முழுக்க நடுவுல பதினாறு பக்கம் கோழி வளர்ப்புதான். பன்னெண்டு வருஷமா எனக்கே தெரியாது. நேத்து எங்க வீட்ல சொன்னாங்க. ராத்திரி விமானம், வெளிச்சம்னு நான் உங்ககிட்ட சொன்னது எல்லாம் உளறல்."

சற்றுமுன் ஆடிய தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து மடியில் எதையோ தேடின. நூலகர் தன் கையிலிருந்த புத்தகத்தை மெல்லத் திறந்து பார்த்தார். அவருடைய கண் இப்போதுதான் உண்மையாகவே கலங்கியது.

ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை.

"தப்புன்னு தெரியும் சார். நான் கேக்க வந்தது அது இல்ல. நாப்பத்தெட்டாம் பக்கத்துல 'அது மெல்ல'ன்னு நிக்குது. அம்பத்தி ரெண்டு மைல் வேகத்துல பஸ்ல போகும்போதுகூட அதே ஞாபகமா இருக்கு. அப்புறம் என்னதான் ஆச்சு?"

இதற்கு அவர் "ஒரு புத்தகம் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எழும்புச்சும்மா" என்றார். "மொத்தம் பன்னெண்டு செகண்டு. நூத்தி இருவது அடி. அவ்வளவுதான். பக்கத்துல ஒருத்தர் கையில கேமராவைக் குடுத்திருந்தாங்க. அதுக்கு முன்னாடி அவர் கேமராவைத் தொட்டதே கிடையாதாம். அது எழும்பினதைப் பாத்து வாய் பிளந்து நின்னவருக்கு, தான் அமுக்கினோமா இல்லையான்னே ஞாபகம் இல்லையாம். அப்புறம் கழுவிப் பாத்தா, படம் விழுந்திருக்கு. தரைக்கும் அதுக்கும் நடுவுல கொஞ்சூண்டு இடைவெளி."

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அந்த இடைவெளியைக் காட்டினார். கடைசி வரிசையில் அவருடைய மனைவி, தான் தைத்த சட்டையின் கைப்பட்டை சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். திங்கட்கிழமை ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. விரல் உயர்ந்தது. "சிவப்பு அட்டை. குறிச்சுக்குங்க." ஆனால் "எழுபத்தோராம் பக்கத்துலேர்ந்து" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோஷம். இந்தக் கட்டுரையையும் நாளைக்கு நான்கு பேருக்குச் சிபாரிசு செய்வீர்கள். செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். வரைபடப் பிரிவுப் பெண், சபையில், பஸ் எத்தனை மைல் வேகத்தில் போனதாகச் சொன்னார்? மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.

தெரியவில்லையா? பரவாயில்லை. அந்த அரங்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. நூலகருக்குப் பக்கத்து நாற்காலி.