ஸ்டார்ட்டா, பிகினா? ஆரம்பம் அண்ணாச்சியைக் கேளுங்கள்!

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன இங்கிலீஷை ராஜபாளையத்தில் தனியாளாகக் கட்டிக் காத்தவர் ஆரம்பம் அண்ணாச்சி. எண்பதுகளின் கடைசியில், பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் நானும் அவரும் டைப்பிஸ்டுகள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வேறெந்த இங்கிலீஷ் வார்த்தையை நாம் எப்படிக் கொன்றாலும் பொறுத்துக்கொள்வார். தொடங்குவதைச் சொல்லும் வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

"சாப்பாட்டை ஸ்டார்ட் பண்ணலாமா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"ஏலே, நீ என்ன டீசல் எஞ்சினா? மிசின்தான் ஸ்டார்ட் ஆகும். மனுசன் பிகின் பண்ணுவான். கமென்ஸ், கோர்ட்டு காயிதத்துக்கு. இனாகுரேட்டுக்கு மாலையும் மந்திரியும் வேணும்."

அதற்குள் என் தயிர்சாதம் காய்ந்துவிட்டது.

கம்பெனியில் புதுக் கக்கூஸ் கட்டியபோது, நோட்டீஸ் போர்டில் மேனேஜர் 'இனாகுரேட்' என்று எழுதிவிட்டார். அண்ணாச்சி அதை அடித்து 'ஓப்பன்' என்று திருத்தினார். கூடவே, "மாலையப் போட்டுக்கிட்டு மொதல்ல உள்ள போறது யாரு, நீங்களா?" என்று கேட்டார். மேனேஜர் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் பம்பாயிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பதினைந்தாம் தேதிக்குள் வேலை தொடங்கிவிட்டதாகக் கடிதம் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து. தறியில் பாவு நூல் ஏற்றியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஷெட்டின் ஒரே மோட்டார் புகைந்து, கருகிய காயிலை மாற்றிக் கட்ட மதுரைக்குப் போய்விட்டது.

"தறி ஸ்டார்ட் ஆயிருச்சுன்னு அடியும்," என்றார் முதலாளி, அண்ணாச்சியிடம்.

"ஓடாத தறி எப்படி ஸ்டார்ட் ஆகும்? வேலை பிகின் ஆயிருச்சுன்னு அடிக்கேன். பாவு ஏத்தியாச்சு, மோட்டார் வந்த பொறவு தறி ஸ்டார்ட் ஆகும்னும் சேத்து அடிக்கேன்."

"ஆர்டர் போச்சுன்னா உம்ம வேலையும் போச்சு!"

"போகட்டும் மொதலாளி."

பல்லைக் கடித்துக்கொண்டு முதலாளி கையெழுத்துப் போட்டார்.

ஒரே வாரம். பம்பாய்க்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்து நின்றார். ஷெட்டில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. வந்தவர் எங்கள் கடிதத்தை எடுத்தார். ஒரு வரி படித்துவிட்டுப் பாவைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வரியைப் படித்துவிட்டு, மோட்டார் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"கரெக்ட்," என்றார். ஆர்டர் எங்களுக்கே!

"எம்புட்டு பெரிய மனுசன்யா!" என்று அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டார் முதலாளி. எங்கள் விசில் மம்சாபுரம் வரை கேட்டிருக்கும்.

மோட்டார் வந்த அன்று, சுவிட்சைப் போட முதலாளி அவரையே முன்னால் தள்ளினார்.

"இதுக்கு எந்த வார்த்தை அண்ணாச்சி?" என்று சீண்டினேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்த ஒருநாள் மட்டும் அவருக்கு நாங்கள்தான் வார்த்தை எடுத்துக் கொடுத்தோம்:

"ஆரம்பிங்க அண்ணாச்சி!"