ஐந்து பேர் சொன்னால் பல் காவி

ஆதாரசாமி என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடு மதியம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில் வேர்த்து வழிய நிற்கும்போது, "என்னா வெயிலு!" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால், மனிதர் அண்ணாந்து பார்க்க மாட்டார். "யாரு சொன்னா?" என்பார். உங்கள் மண்டை காய்வது கணக்கில் சேராது. யாராவது நாலு பேர் எங்காவது எழுதியிருக்க வேண்டும். அதை வேறு நாலு பேர் ஆமோதித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சூரியன் சுடுவதற்கு அனுமதி.

இந்த இனத்தின் அசல் சரக்கைப் பார்க்க ஆசைப்பட்டால், 2008-ல் மேட்டுப்பட்டியில் குடியிருந்த பிராங்க்ளினைப் பார்த்திருக்க வேண்டும். தொலைபேசி ஆபீசில் குமாஸ்தா. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு கலைக்களஞ்சியத்தில் அவர்தான் ஆசிரியர், நீதிபதி, நாட்டாமை எல்லாம். மனைவி சகாயராணி சோற்றைப் போட்டுவிட்டுத் தொண்டை வறளக் கூப்பிட்டாலும், "செத்த இரு, ஒரு கருத்தொற்றுமை எட்டப் போவுது" என்பார். சோறு ஆறிப்போகும். கருத்தொற்றுமை எட்டப்படும். உலகத்தில் எங்கோ ஓர் ஆறு அதற்குக் கட்டுப்பட்டுப் போக்கை மாற்றிக்கொண்டிருக்கும்.

அவருடைய சொந்த ஊர் கருக்காம்பட்டி, வேடசந்தூருக்கு அந்தப் பக்கம். அந்த ஊருக்கும் களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் எவனோ ஒரு புண்ணியவான், "இவ்வூர்க் கிணற்று நீரால் பெரும்பாலோருக்குப் பல்லில் காவிக் கறை படிந்திருக்கும், இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது" என்று எழுதிவைத்தான். அந்த ஊரிலிருந்து மில்லுக்கு வேலைக்குப் போகிற முத்துச்சாமி இதைப் படித்துப் பதறிப்போய், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, "அய்யா, அந்தக் காவித் தண்ணி ஆத்துக்கு அக்கரையில இருக்கிற ஊருல. எங்க கிணத்துத் தண்ணி எளநி கணக்கா இருக்கும். ஒரு தடவ வந்து பாருங்க" என்று எழுதினார்.

பாருங்க என்றாரே, அங்கேதான் தப்புப் பண்ணினார். ஆதாரசாமிகளாவது, பார்ப்பதாவது! சிங்கப்பூரில் ஒருவர், நெய்வேலியில் ஒருவர், டொரண்டோப் பனிக்குள் ஒருவர், புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு ஒருவர் என்று நாலு பேர் கூடினார்கள். கருக்காம்பட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது; ஆனால் எப்போதோ ஒரு வாரப் பத்திரிகையில் ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டு வந்த துணுக்கு ஒன்று கையில் இருந்தது. நாலு ஓட்டும் காவிக்கு. ஐந்தாவதாக நம்மாள். அந்த ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்து, தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தன் வெள்ளைப் பல்லைத் துலக்குகிற மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? "தனிப்பட்ட பல் ஆதாரமாகாது" என்று எழுதிவிட்டுக் காவிக்கே ஓட்டுப் போட்டார். ஐந்துக்கு ஒன்று. தீர்ந்தது. மறுநாள் ஆபீசுக்கு அவர் நடந்துபோன நடை இருக்கிறதே, கலெக்டர் தோற்றார்.

ஆறு மாதம் போயிருக்கும். மகள் லிடியாவுக்கு வரன் வந்தது. பையன் ஓசூரில் இன்ஜினியர். போட்டோவைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துப்போய், கேட்டால் இல்லை என்று சொல்லிக்கொண்டு, பத்துத் தடவை எடுத்துப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா ஆண்டனிராஜ், திருச்சியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, கணினியில் அச்சடித்து வந்த ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்தார்.

"பூர்வீகம் கருக்காம்பட்டின்னு போட்டிருக்கீங்க. நெட்டுல இப்புடி இருக்கே சம்பந்தி?"

பிராங்க்ளின் எட்டிப் பார்த்தார். தான் ஓட்டுப் போட்ட அதே வரி. சகாயராணிதான் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, புள்ள ஒங்க முன்னாடிதான நிக்கிது? பல்லப் பாத்துக்கங்களேன். ஏ லிடியா, சிரி தாயி" என்றாள்.

பாவம், அத்தனை பேர் முன்னால், மாட்டுச் சந்தையில் நிற்பதுபோல் நின்று அவள் பல்லைக் காட்டினாள். பச்சரிசிப் பல். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். குனிந்து தாளைப் பார்த்தார்.

"வெள்ளையாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா தலைமுறை தலைமுறையான்னு போட்டிருக்கே? நாளைக்குப் பேரப்புள்ளைக்கு வந்தா? இத மட்டும் மாத்தச் சொல்லுங்க. மாத்துன அன்னைக்கே நிச்சயம் வச்சுக்கலாம்."

கார் தெருவைத் தாண்டுவதற்குள் பிராங்க்ளின் கணினி முன்னால் உட்கார்ந்து அந்த வரியை அழித்தார். அது திரும்பி வந்தது. அழித்தார். வந்தது. "நான் அந்த ஊர்க்காரன்" என்று வாதாடினார். "அப்படியானால் உங்களுக்குச் சொந்த நலன் இருக்கிறது, ஒதுங்கி நில்லுங்கள்" என்றது சிங்கப்பூர். "என் மகளின் பல்லைப் படமெடுத்துப் போடுகிறேன்" என்று கெஞ்சினார். "தனிப்பட்ட பல் ஆதாரமாகாது. தாங்கள் வகுத்த நெறி அய்யா!" என்றது நெய்வேலி. எங்கெங்கோ விசாரித்து முத்துச்சாமியின் நம்பரைப் பிடித்துப் போன் போட்டார்.

"அப்பு, ஒன் ஓட்டு எனக்கு வேணும்ப்பு. மக வாழ்க்க."

"நான் அன்னைக்கே போட்டுட்டேண்ணே. மாத்திப் போட்டது நீங்கதான்" என்று சொல்லி முத்துச்சாமி வைத்துவிட்டார்.

பின்னால் நின்றுகொண்டிருந்தாள் லிடியா. முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது.

"எந்திரிங்கப்பா, போதும். அவங்க வீட்டுக்கு நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா? செத்த பொறு, மாத்திருவேன். ஒனக்குப் பையனப் பிடிச்சிருந்துச்சுல்ல?"

"பிடிச்சிருந்துச்சு. ஆனா பல்லப் பாத்தப்பறமும் தாளப் பாக்குற வீடு எனக்கு எதுக்குப்பா? அப்படி ஒரு வீட்டுலதான இம்புட்டு நாளும் இருக்கேன்."

பிராங்க்ளின் திரும்பிக் கணினித் திரையைப் பார்த்தார். இதற்கு யாரிடம் கருத்துக் கேட்பது?

நல்லா வேணும் என்கிறீர்களா? எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் ஒரு சின்ன விண்ணப்பம். உங்களுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது, லேசாக வலிக்கவும் செய்கிறது. இரண்டும் உங்கள் வயிற்றுக்குள் நடப்பவை, வேறு எவனுக்கும் தெரியாது. அப்புறம் எதற்கு அய்யா, சிரிக்கலாமா வேண்டாமா என்று பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்கிறீர்கள்?