பாலாமைகளால் முறிந்த சம்பந்தம்

மேலக்கரைப்பட்டி,
சாத்தூர் வழி.
9.4.2006

எங்கள் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகைதாரர் திரு. ரத்தினசாமி அவர்கள் சமூகத்துக்கு, பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சங்கையா எழுதிக்கொள்வது. இங்கே நானும், மனைவி பொன்னுத்தங்கமும், மகள் மாரிச்செல்வியும், தொட்டியில் இருக்கும் பதினோரு பாலாமைகளும் சுகம். தங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரிக்காத கடிதத்தைப் பொன்னுத்தங்கம் தபாலில் போட விடமாட்டாள் என்பதால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும்.

ஆமை வளர்க்கும் வீட்டில் பெண் எடுப்பதில்லை, அதிலும் இருபத்தேழு வயதுப் பெண், அதிலும் பெரியவர்களிடம் வாயாடுகிறவள் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அத்தனையும் உண்மை. எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆமைகளை அவள் வளர்க்கவில்லை என்பதை மட்டும் திருத்திக்கொள்ளவும். கல்லூரி ஆராய்ச்சிக்காக, வனத்துறை அனுமதியோடு, அளந்து எடை பார்த்துத் திரும்ப அதே கண்மாயில் விடுகிறாள். தங்கள் மகனுக்காக நீங்கள் பூ வைக்க வந்த அன்று பொன்னுத்தங்கம் தொட்டி மூடியைச் சரியாக மூடாததால் ஒன்று வெளியேறி, கூடத்துக்கு வந்து, தாம்பாளங்களுக்கு நடுவே தலையை நீட்டிவிட்டது. தங்கள் தங்கை "ஏ ஆத்தா, வீட்டுக்குள்ள ஆமை!" என்று பெஞ்சில் ஏற, தாங்கள் பின்னால் நகர, பாயசப் பானை கவிழ, முப்பது வருடமாகச் சத்தம் கேட்டால் மணலைக் கொட்டியே பழகிய கை சும்மா இருக்குமா, ஆமைகளுக்காக வைத்திருந்த வாளி மணலை எடுத்துப் பாயசத்தின் மேல் வீசினேன். பாதி தங்கள் பட்டுவேட்டியில் விழுந்தது. அதுவரைக்கும்கூட நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள், அதை நான் மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஆமையைக் கையில் தூக்கிப் பார்த்தீர்களே, அங்கேதான் வந்தது வினை. "நல்ல கனமா இருக்கே! கண்மாய் வத்துனதும் ஒரு லோடு தேறும் போல" என்றீர்கள்.

"அதக் கீழ விடுங்க மாமா. வயித்துல முட்டை இருக்கு" என்றாள் மாரிச்செல்வி.

"இருக்கட்டுமே தாயி. குளிர் தேசத்துலதான் ஆமை முட்டையிடப் பதினஞ்சு இருவது வருசம் ஆகுமாம், டிவியில சொன்னாக. இங்கன அடிக்கிற வெயிலுக்கு அம்புட்டு நாளா ஆகும்? பிடிக்கப் பிடிக்க ஊறும்!"

"வெயில் ஊருல சீக்கிரமே முட்டையிடும், வருசத்துல ரெண்டு மூணு தரம்கூட இடும், வாஸ்தவந்தான். ஆனா நம்ம கண்மாய்ல தண்ணி எத்தன மாசம் நிக்கிது? அங்க பனி அடைச்சுப்போடுது, இங்க வறட்சி அடைச்சுப்போடுது. சேத்துல புதைஞ்சு கெடக்கையில அது திங்கவும் முடியாது, வளரவும் முடியாது. அந்த நேரம் பாத்துக் கம்பியால குத்தித் தோண்டுறீக. கனமானதாப் பாத்து எடுக்கிறீக, அதெல்லாம் பொட்டை. முட்டையிடுறத பூரா லாரியில ஏத்திட்டா எதுல இருந்து மாமா ஊறும்?"

ஆமையைப் பிடித்தால் ஜெயில் என்று அவள் சட்டம் பேசியிருந்தால் நீங்கள் சிரித்து மழுப்பிவிட்டுக் காபி குடித்திருப்பீர்கள். நோட்டை விரித்து, கண்மாயில் அகப்பட்ட ஆமைகள் முதல் வருடம் நாற்பத்தாறு, போன வருடம் இருபத்திரண்டு, இந்த வருடம் பதினொன்று என்று காட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வயதைக் குறை சொன்னீர்களே, அந்த இருபத்தேழில் மூன்று வருடத்தை முழங்கால் சேற்றில் நின்று கழித்தவள் அவள். குளிர் தேசத்து ஆமையைப் பார்த்து, இருபது வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்று யாராவது தரகரை அனுப்பிக் கேட்டார்களா?

ஆகவே இந்த உறவு எங்களுக்கும் வேண்டாம். தாங்கள் கொண்டுவந்த சேலை தனியாக வந்து சேரும். கண்மாயில் கம்பியோடு ஆள் இறக்கும் அன்று கரையில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். வெடிமருந்தோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவனிடம் பயம் ஏது? இறக்கித்தான் பாருங்களேன். இதன் நகல் ஒன்று வனத்துறைக்கும் போகிறது.

இருக்கன்குடி மாரியம்மன் தங்கள் குடும்பத்தையும், தங்களிடமிருந்து தப்பிக்கும் சகல ஜீவராசிகளையும் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு,
மு. சங்கையா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தங்கள் மகன் விக்னேஷ்குமார் திருத்தங்கலிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். அவர் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் இல்லாததால் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாராம். "எங்கப்பா பேசுனதுக்கு நான் என்ன மாமா பண்ணுவேன்? அந்த நோட்ட எனக்கும் காட்டச் சொல்லுங்க" என்றார். இப்போது இருவரும் கண்மாய்ச் சேற்றில் நிற்கிறார்கள். ஆமை ஒன்று அவர் விரலைக் கடித்துவிட்டது, ஆனாலும் அவர் அதைக் கீழே போடவில்லை. பொன்னுத்தங்கம் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். நாலு பக்கத்தைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஆகையால் உறவு வேண்டாம் என்று வரும் இடத்தை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். ஆமைகளைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாருமாக வந்துவிடுங்கள், சம்பந்தி.